பத்து நிமிடம் மூச்சு வாங்கினால் போதுமா? மாடிப்படியில் தொடங்குகிறவர்களுக்கு

"தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போக எனக்கு நேரமே இல்லை, நாலு நிமிடம் வெறித்தனமாகச் செய்தால் அதே பலன் கிடைக்குமாமே, நிஜமா?" என்று என் சித்தப்பா மகன் இரண்டு மாதம் முன்பு கேட்டான். வயது 41. பத்து மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் வேலை. இரண்டாவது மாடிக்கு லிஃப்டில் போகிறவன். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஜிம் கோச்சும் இல்லை. சில வருடமாக இதைச் செய்துபார்த்து, உதை வாங்கி, கையில் கிடைத்த ஆய்வுகளைப் படித்துப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் பதில். இதயமும் நுரையீரலும் தெம்பாக வேண்டும் என்பது மட்டும்தான் நோக்கம் என்றால், ஆமாம், குறைந்த நேரத்தில் கடுமையாகச் செய்வது நீண்ட பயிற்சியின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துவிடும். தொப்பை குறைய வேண்டும், தசை ஏற வேண்டும், பத்து கிலோமீட்டர் ஓட வேண்டும் என்றால் பிடிக்காது. அப்புறம் இன்னொன்று: அந்த நாலு நிமிடத்தில் முதல் நாளே குதிக்கக் கூடாது. நான் குதித்தேன். வீடியோவைப் போட்டுவிட்டு ஹாலில் ஜம்ப் ஸ்குவாட் (உட்கார்ந்து குதிப்பது), பர்ப்பி (தரையில் கை ஊன்றிக் காலை நீட்டி, எழுந்து குதிப்பது) என்று ஆரம்பித்து ஐந்தாவது சுற்றில் கண் இருட்டித் தரையில் உட்கார்ந்தேன். அடுத்த இரண்டு நாள் நாற்காலியிலிருந்து எழக்கூட மேஜையைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதன்பிறகு ஒரு மாதம் உடற்பயிற்சி என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அந்த நாலு நிமிடம் எங்கிருந்து வந்தது?

ஜப்பானில் கனோயா என்ற ஊரில் உள்ள விளையாட்டுக் கல்வி நிறுவனத்தில் இசுமி தபாட்டா என்ற ஆய்வாளர் குழு செய்த சோதனை, 1996-இல் வெளிவந்தது. இதன் மூலமுறை அவருடையது அல்ல, ஜப்பான் ஸ்பீட் ஸ்கேட்டிங் அணியின் பயிற்சியாளர் இரிசாவா கொய்ச்சி தன் வீரர்களுக்குக் கொடுத்துவந்தது. 20 விநாடி உச்ச வேகம், 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டுச் சுற்று. கூட்டினால் நாலு நிமிடம் வரும். இன்னொரு குழு மிதமான வேகத்தில் ஒரு மணி நேரம், வாரம் ஐந்து நாள் சைக்கிள் மிதித்தது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், உடம்பு ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய உச்சபட்ச ஆக்சிஜன் அளவு இரண்டு குழுவுக்கும் கூடியிருந்தது. வி.ஓ.2 மேக்ஸ் என்று ஸ்மார்ட் வாட்சில் வருகிறதே, அதுதான். மூச்சுக்காற்று போதாமல் தசை வேலை செய்யும் திறன் மட்டும் நாலு நிமிடக் குழுவுக்கு 28 சதவீதம் கூடியது, ஒரு மணி நேரக் குழுவுக்கு அசையவே இல்லை.

இதில் யாரும் சொல்லாத விஷயம் இரண்டு. அந்த 20 விநாடியில் அவர்கள் மிதித்த கடுமை, வி.ஓ.2 மேக்ஸை எட்டத் தேவையான கடுமையைப் போல 170 சதவீதம். அதாவது, எட்டாவது சுற்றில் கால் தானாகவே நின்றுபோகும் அளவு. மிதித்தவர்கள் விளையாட்டுக் கல்லூரி இளைஞர்கள், சைக்கிளும் ஆய்வகச் சைக்கிள். வீட்டு ஹாலில் பாட்டுக்கு ஏற்ப எட்டு முறை குதித்தால் அந்த வேகம் வராது. நேர அட்டவணையை மட்டும் நகல் எடுத்துவிட்டு அதற்கும் 'தபாட்டா' என்று பெயர் வைத்திருக்கிறோம். இரண்டாவது, அந்த நாலு நிமிடக் குழுவும் வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் நிதானமாக மிதித்தது. நீண்ட பயிற்சியை அவர்களே முழுசாக விட்டுவிடவில்லை.

நம்மை மாதிரி ஆட்களுக்கு இன்னும் நெருக்கமானது கனடாவில், ஹாமில்டன் நகரத்து மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலா குழு 2016-இல் வெளியிட்டது. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 45 நிமிடம் மிதமாகச் சைக்கிள் மிதித்தது. இன்னொரு குழுவுக்கு மொத்தம் பத்தே நிமிடம்: இரண்டு நிமிடம் மெதுவாக, பிறகு 20 விநாடி முழு மூச்சு, நடுவில் இரண்டு நிமிடம் மெதுவாக, இப்படி மூன்று முறை, கடைசியில் மூன்று நிமிடம் ஆறவிடுதல். 12 வாரம் முடிவில் இரண்டு குழுவுக்கும் ஆக்சிஜன் அளவு கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடியது, இன்சுலின் வேலை செய்யும் விதமும் ஒரே மாதிரி முன்னேறியது. ஒரு நாளில் உண்மையிலேயே கஷ்டப்பட்டது ஒரு நிமிடம்தான். சின்ன ஆய்வுதான், முப்பது பேர்கூட இல்லை. ஆனாலும் இந்தக் கணக்குதான் என்னை மறுபடி எழுப்பி நடக்கவைத்தது.

சரி, இப்போது வேலைக்கு வருவோம்.

முதல் படி: யார் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது

நடக்கும்போது நெஞ்சு அழுத்தம், ஏற்கெனவே இதயப் பிரச்சினை, கட்டுக்குள் வராத பிரஷர், கர்ப்பம், 40-ஐத் தாண்டி வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருப்பது, அப்பா அம்மாவுக்குச் சின்ன வயதில் மாரடைப்பு வந்தது. இதில் ஒன்று இருந்தாலும் முதலில் டாக்டர். இன்சுலினோ கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கிறவர்களுக்குப் பயிற்சிக்குப் பிறகு சுகர் இறங்கலாம், அதனால் பையில் இரண்டு மிட்டாயாவது இருக்கட்டும். சுகரால் கண் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால் கண் டாக்டர் சரி என்று சொல்லும்வரை முக்கி முனகும் எந்தப் பயிற்சியும் வேண்டாம், உள்ளே ரத்தம் கசிய வாய்ப்பு உண்டு. பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோபிரலால் வகை மாத்திரை போடுகிறவர்களுக்கு எவ்வளவு ஓடினாலும் நாடி ஓர் அளவுக்கு மேல் ஏறாது. அவர்கள் வாட்சைப் பார்த்து வேகத்தை முடிவு செய்யக் கூடாது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நார்வேயில் மூன்று மறுவாழ்வு மையங்களில் 4,846 இதய நோயாளிகளைக் கவனித்தார்கள். மிதமான பயிற்சியில் 1,29,456 மணி நேரத்துக்கு ஒரு முறையும், கடும் இடைவெளிப் பயிற்சியில் (கடுமையும் மெதுவும் மாறிமாறி வருவது) 23,182 மணி நேரத்துக்கு ஒரு முறையும் இதயம் நின்றிருக்கிறது. இரண்டுமே மிக அரிது, ஆனால் ஒன்றைவிட மற்றொன்று அதிகம். அவர்கள் பக்கத்தில் ஆள் இருந்தது, நம் மாடிப்படியில் யாரும் இருக்க மாட்டார்கள்.

காய்ச்சல், சளி இருக்கிற வாரம் விடுமுறை. இதில் பேரம் கிடையாது.

இரண்டாவது படி: இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதிவையுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும், காபிக்கு முன்பே, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 30 விநாடி நாடியை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பிறகு பல் விளக்கி, ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்துவிட்டு, மூன்று மாடி ஏறுங்கள். எங்கள் அடுக்குமாடியில் ஒரு மாடிக்கு இருபது படி, நடுவில் ஒரு திருப்பம், ஆக மூன்று மாடிக்கு அறுபது. உங்கள் கட்டடத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். ஓட வேண்டாம், ஆனால் நிற்காமல் ஏறுங்கள். மேலே போனதும் கேட்பதற்கு இரண்டே கேள்விதான்: எத்தனை விநாடி ஆயிற்று, ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச எத்தனை நிமிடம் ஆயிற்று. என் தம்பிக்கு 58 விநாடி. மூன்றாவது மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு "இரு, பேசறேன்" என்று கையைக் காட்டினான். பேச்சு வர மூன்றரை நிமிடம். காலண்டரில் அன்றைய தேதியிலேயே எழுதவைத்தேன். ஆப் எதுவும் வேண்டாம், தினமும் கண்ணில் படுகிற இடம் போதும்.

இந்தப் பேச்சுச் சோதனையைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள், வாட்சைவிட இது நம்பகமானது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் கடுமை. ஒரு வார்த்தையும் வரவில்லை என்றால் உச்சம்.

மூன்றாவது படி: முதல் இரண்டு வாரம் வெறும் நடை

போரடிக்கும், தெரியும். வாரம் ஐந்து நாள், 20 நிமிடம், பேசிக்கொண்டே நடக்கும் வேகம், அவ்வளவுதான். மூச்சு ஒரு வாரத்தில் பழகிவிடும். கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் முட்டியும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. கடும் பயிற்சியைப் பாதியில் விடுகிறவர்களில் நான் பார்த்தவரை பாதிப்பேர் மூச்சு முட்டி விடவில்லை, முட்டி வலித்து விட்டார்கள்.

நான்காவது படி: மூன்று நிமிடம் வேகம், மூன்று நிமிடம் சும்மா

இதுவும் ஜப்பான்தான், மத்சுமோட்டோ நகரில் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நோசே குழு நடுவயதினருக்கும் வயதானவர்களுக்கும் வகுத்த முறை. மூன்று நிமிடம் வேகநடை, மூன்று நிமிடம் மெதுநடை, இப்படி ஐந்து முறை, வாரம் நாலு நாள். 2007-இல் வெளிவந்த ஆய்வில் ஐந்து மாதம் இதைச் செய்தவர்களுக்கு, ஒரே சீராக நடந்தவர்களைவிடத் தொடை வலிமையும் மூச்சுத் திறனும் நன்றாகக் கூடின, ரத்த அழுத்தமும் அதிகம் குறைந்தது. எனக்கு இந்த ஆய்வுகளிலேயே பிடித்தது இதுதான். ஷூ இருந்தால் போதும், குதிக்க வேண்டியதில்லை, அறுபது வயது அம்மாவையும் கூட்டிப்போகலாம்.

மூன்றாவது, நான்காவது வாரத்துக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து முறை முடியாவிட்டால் மூன்று முறை. வேகநடை என்றால் பஸ் கிளம்பிவிடுமோ என்று நடப்போமே, அந்த நடை, கையை வீசி. மூன்றாவது நிமிடக் கடைசியில் பக்கத்தில் வருகிறவர் ஏதாவது கேட்டால் "ம்" என்று மட்டும்தான் சொல்லத் தோன்ற வேண்டும். அரசியல் பேச முடிகிறது என்றால் வேகம் போதாது.

ஐந்தாவது படி: இப்போதுதான் மாடிப்படி

ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம்வரை, வாரத்தில் இரண்டு நாள், இடையில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. செவ்வாய், வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்று நிமிடம் சமதளத்தில் நடங்கள். பிறகு அறுபது படி, கைப்பிடிப் பக்கமாக, ஒவ்வொரு படியிலும் பாதம் முழுவதும் பதிய, வேகமாக ஏறுங்கள். இரண்டிரண்டு படியாகத் தாவ வேண்டாம், வழுக்கினால் பல் போகும். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறவே கூடாது, அது பிரஷரைச் சட்டென்று ஏற்றிவிடும். மேலே போய் உடனே உட்காராதீர்கள், வராந்தாவில் அங்குமிங்கும் நடந்துவிட்டு லிஃப்ட் இருந்தால் லிஃப்டில் இறங்குங்கள். சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது: இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது, இரண்டு நாள் கழித்து வரும் அந்தக் கொடூர வலி பெரும்பாலும் ஏறியதால் அல்ல, இறங்கியதால்தான். லிஃப்ட் இல்லாவிட்டால் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்குங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஆனதும், பேச்சு திரும்பியதும் இரண்டாவது முறை. அப்புறம் மூன்றாவது. முடிவில் மூன்று நிமிடம் ஆறவிடுங்கள். மொத்தத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் ஆகும், குளிக்கப் போகலாம்.

ஒரே மூச்சில் பன்னிரண்டு நிமிடமும் கிடைக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. மெக்மாஸ்டர் குழுவே 2019-இல் இதைச் சோதித்தது: காலையில் ஒரு முறை, நடுவில் சில மணி நேரம் விட்டு ஒரு முறை, மறுபடி ஒரு முறை என்று அறுபது படியைத் தனித்தனியாக ஏறவைத்தார்கள், வாரம் மூன்று நாள், ஆறு வாரம். திறன் ஐந்து சதவீதம்போலத்தான் கூடியது, ஆனால் கூடியது. அலுவலகத்தில் டீக்குப் போகும் மூன்று வேளையை இதற்குப் பயன்படுத்தலாம், சட்டை நனையாது.

உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் தன் பரிந்துரையை மாற்றியது. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியை எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையாக, துண்டு துண்டாக இருந்தாலும் சரி. 2022-இல் பிரிட்டன் தரவை வைத்து, உடற்பயிற்சியே செய்யாத 25,241 பேரின் கைக்கடிகார அளவீடுகளைப் பார்த்த ஆய்வும் வந்தது. பஸ்ஸுக்கு ஓடுவது, மூட்டையோடு படியேறுவது மாதிரி ஒன்றிரண்டு நிமிடக் கடும் அசைவு நாளுக்கு மூன்று முறை இருந்தவர்களிடம் மரண விகிதம் 38 முதல் 40 சதவீதம் குறைவாக இருந்தது. இது கவனித்துச் சொன்னதுதான், சோதித்துச் சொன்னதல்ல. தெம்பாக இருக்கிறவர்கள்தான் படியேறுகிறார்கள் என்றும் வாதாடலாம். அதனால் இந்த எண்ணை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு வாக்கிங்கை நிறுத்திவிடாதீர்கள்.

மற்ற நாட்களில் என்ன?

இங்கேதான் பலருக்கும் என்மேல் கோபம் வரும். மற்ற நாட்களில் நீண்ட நடை, அரை மணியோ முக்கால் மணியோ. "அதைத் தவிர்க்கத்தானே இதை ஆரம்பித்தேன்?" என்று தம்பியும் கேட்டான். உடல் எடை உன் கவலை என்றால் பத்து நிமிடத்தில் எரிவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார் என்றேன். 100 கலோரியைத் தாண்டினாலே பெரிது, டீக்கடை மெதுவடை ஒன்று அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். பயிற்சி முடிந்த பிறகும் மணிக்கணக்கில் கொழுப்பு எரிந்துகொண்டே இருக்கும் என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, அப்படி எரிவது உண்மைதான், அளவு அற்பம். இரண்டு வகையையும் ஒப்பிட்ட ஆய்வுத் தொகுப்புகளில் கொழுப்பு குறைவதில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. எடையை முடிவு செய்வது தட்டுதான்.

அதோடு, ஒலிம்பிக் அளவில் நெடுந்தூரம் ஓடுகிறவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள் எல்லாரும் தங்கள் பயிற்சியில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தை நிதானமான வேகத்தில்தான் செய்கிறார்கள். கடுமை என்பது ஊறுகாய் மாதிரி அவர்களுக்கு. சாப்பாடு வேறு.

தசைக்குத் தனியாக இரண்டு நாள் வேண்டும், படியேற்றம் கைக்கும் முதுகுக்கும் ஒன்றும் செய்யாது. நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கை வைத்துத் தள்ளுதல், இரண்டு தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு நடத்தல், இதுவே தொடக்கத்துக்குப் போதும்.

ஆறாவது படி: எட்டு வாரம் தாண்டியவர்களுக்கு மட்டும்

நார்வேயின் டிரோன்ட்ஹைம் பல்கலைக்கழகக் குழு பிரபலப்படுத்திய நாலுக்கு நாலு முறை. பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கி, நாலு நிமிடம் உச்ச நாடியில் 85 முதல் 95 சதவீதம், மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி நாலு முறை. உச்ச நாடிக்கு 220-இலிருந்து வயதைக் கழியுங்கள், 40 வயதுக்கு 180. ஆக நாலு நிமிடக் கடைசியில் 153-க்கு மேல் இருக்க வேண்டும். இந்தக் கழித்தல் கணக்கு ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் போகும், அதனால் இங்கும் பேச்சுச் சோதனையே நீதிபதி. ஃப்ளைஓவர் ஏற்றம், சாய்த்துவைத்த டிரெட்மில், சைக்கிள் எதுவும் சரி. அவ்வளவு நேரத்துக்கு மாடிப்படி வேண்டாம், அது நம்மை மூன்றாவது மாடியிலேயே இறங்கவைத்துவிடும். கணக்குப் பார்த்தால் இது மொத்தம் நாற்பது நிமிடத்துக்குக் கிட்டே வரும், 'குறைந்த நேரம்' என்ற பேச்சு இதற்குப் பொருந்தாது. வாரம் ஒன்று போதும், இரண்டுக்கு மேல் போகாதீர்கள்.

இதே ஊரில் 70 முதல் 77 வயதுள்ள 1,567 பேரை ஐந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். பயிற்சிக் குழுக்களுக்கும், நாட்டின் பொதுப் பரிந்துரைப்படி நடந்துகொண்ட மற்றவர்களுக்கும் இடையே இறப்பில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. அந்த 'மற்றவர்களும்' சும்மா இருந்தவர்கள் இல்லை, நன்றாக நடமாடியவர்கள்.

நேரம், சாப்பாடு, ஷூ

சித்திரை வெயிலில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மொட்டை மாடி இன்னும் தோசைக்கல்தான். சோறு சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஆகாமல் இறங்காதீர்கள், சாம்பார் மேலே வரும். வெறும் வயிற்றில் தலை சுற்றுகிறவர்கள் ஒரு வாழைப்பழம் சாப்பிடலாம். படியில் ரப்பர் செருப்பு கண்டிப்பாக வேண்டாம், காலையில் துடைத்துவிட்ட ஈரப்படியிலும் வேண்டாம்.

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுவது, துடிப்பு தாறுமாறாக ஓடுவது. இதில் எது வந்தாலும் அங்கேயே நின்று ஆளைக் கூப்பிடுங்கள், 108-க்கு அடியுங்கள். 'வாயுவாக இருக்கும்' என்று சோடா குடித்து உட்காராதீர்கள்.

பத்து நாள் விட்டுப்போய்விட்டதா? கல்யாணம், பயணம், குழந்தைக்குப் பரீட்சை, எல்லாம் வரும். விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் ஒரு படி கீழே வந்து ஒரு வாரம் செய்துவிட்டு ஏறுங்கள். நாலு வாரத்துக்கு ஒருமுறை அதே ஞாயிற்றுக்கிழமை, அதே அறுபது படி, அதே ஷூ. தம்பி போன ஞாயிறு ஏறியபோது 36 விநாடி. ஒன்றேகால் நிமிடத்தில், மூன்றாவது மாடியில் வத்தல் காயவைத்திருந்த பெரியம்மாவிடம் விலை விசாரித்துக்கொண்டிருந்தான். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை என்று புலம்பினான். நாலுக்கு நாலை இந்த வாரமே ஆரம்பிக்கலாமா என்றும் கேட்டான். நடுவில் பத்து நாள் மைசூர் போய்விட்டு வந்தவன் அவன். இன்னும் இரண்டு வாரம் படியிலேயே இரு என்று சொல்லியிருக்கிறேன்.